அரைச்சுத்து பிக் பிடித்த விதம்

கீழே வருவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. சத்தியம் செய்ய வேறு உயர்ந்த பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாததால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கியர்பெட்டிக்குள் வலது கையை விட்டு இதைச் சொல்லியாயிற்று. அப்படிப் பொய் சொன்னவர்கள் யாரும் கையோடு திரும்பியதில்லை. இங்கே விரல்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. இனி விஷயத்துக்கு வரலாம்.

பஸ் பணிமனையின் தலைமை மெக்கானிக்குக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் அரைச்சுத்து. எந்த நட்டையும் முறுக்கி முடித்து, இதற்குமேல் என்னால் ஆகாது சாமி என்று ஸ்பேனரே கெஞ்சுகிற இடத்தில், மூச்சை இழுத்துப் பிடித்து இன்னும் ஓர் அரைச் சுற்று கொடுப்பார். இறுக்கினது எதுவும் கெட்டதில்லை என்பது அவருடைய கொள்கை. அவர் கை பட்ட பஸ்ஸில் ஒரு நட்டும் கழன்றதில்லை. கழற்ற வேண்டியிருந்தபோதும் கழன்றதில்லை. அவர் மாட்டிய பின்சக்கரம் ஒன்று பஞ்சரானபோது, டயர்காரர் முக்கி முனகிப் பார்த்துவிட்டு, சக்கரத்தை அது இருந்த இடத்திலேயே விட்டு அதைச் சுற்றியிருந்த பஸ்ஸைக் கழற்றி எடுத்தார்.

வீட்டிலும் அதே கைதான். பற்பசை மூடி, தண்ணீர் பாட்டில், சர்க்கரை டப்பா எதுவானாலும் அவர் மூடினால் மூடியதுதான். அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நினைத்ததை நினைத்த இடத்தில் சொல்லிவிடுகிறவள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சர்க்கரை போடாத டீதான் கொடுப்பாள். டப்பா திறக்கவில்லை என்பதை மட்டும் சொல்லாமல், உடம்புக்கு நல்லது என்பாள். இப்படியே கொடுத்துக் கொடுத்துத் தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய் இறங்கிவிட்டது. அதை அவளே பரிசோதித்து உறுதி செய்தாள்.

இப்படிப்பட்ட கையில்தான் ஒரு கிட்டார் மாட்டிக்கொண்டது.

பணிமனைக்கு ஒரு பாட்டுக் குழு இருந்தது. டிக்கெட் பரிசோதகர் செக்கர்தான் பாடகர், தலைவரும் அவரே. டிரம்ஸ் டயர்காரர். கிட்டார் நம் அரைச்சுத்து. பஸ் சீட்டுகளுக்கு உறை தைக்கும் மச்சானுக்கு, அதாவது அரைச்சுத்தின் மனைவியின் தம்பிக்கு, குழுவில் கிலுகிலுப்பை. மச்சான் கிட்டாரும் நன்றாக வாசிப்பான். ஆனால் அக்காள் புருஷன் கையில் இருப்பதைப் பிடுங்கினான் என்ற பெயர் வேண்டாம் என்று, கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருப்பான். பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன் பாயசத்தைப் பார்க்கிற பார்வை அது.

அரைச்சுத்து மோசமான வாசிப்பாளர் இல்லை. இடது கை விரல்கள் கம்பிகளின்மேல் பூனை மாதிரி நடக்கும். சனியன் எல்லாம் வலது கையில்தான், இன்னும் சரியாகச் சொன்னால் பிக்கில். பிக் என்பது கிட்டார்க் கம்பியை மீட்டுவதற்கான பிளாஸ்டிக் வில்லை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரு பக்கம் கூர். அதை அவர் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் நடுவில் கொடுத்து, மிச்ச விரல்களை முஷ்டியாக மடக்கி, ஸ்பேனரைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார். மணிக்கட்டு மரக்கட்டையாகிவிடும். முழங்கை பூட்டிக்கொள்ளும். தோள் காதுவரை ஏறும். மெதுவான பாட்டுக்கு அது தாங்கும். பாட்டு வேகமெடுத்தால் உள்ளங்கை வேர்த்து, பிக் மெல்லத் திரும்பி, இறுக்கிப் பிடித்த சோப்பு என்ன செய்யுமோ அதைச் செய்யும்.

முதல் தடவை பறந்தபோது அது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த டயர்காரர் வாய்க்குள் போயிற்று. அவர் விழுங்கிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு விக்கல் வந்தால் சுருதியோடுதான் வரும். இரண்டாவது, சுவரில் வெகுநாளாக நின்றுபோயிருந்த கடிகாரத்தில் பட்டது. கடிகாரம் ஓட ஆரம்பித்ததுமல்லாமல் சரியான நேரத்தையும் காட்டிற்று. இன்னொன்று, செக்கர் உச்ச ஸ்தாயியில் தவித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர் பிடரியில் பட்டது. வாழ்நாளில் எட்டாத ஸ்வரத்தை அவர் அன்று எட்டினார். திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் அன்றைய ஒத்திகையைக் கலைத்துவிட்டார்.

அடுத்த ஒத்திகையில் முடிவு சொன்னார். பணிமனை ஆண்டு விழா வருகிறது. புகைப்படக்காரர் வருகிறார். குழு வாசிப்பதைப் படமெடுத்து, சட்டம் போட்டுப் பணிமனைச் சுவரில் மாட்டப் போகிறார்கள். வேகப் பாட்டு ஒன்று உண்டு. நடுவில் எல்லாரும் நிறுத்திவிடக் கிட்டார் மட்டும் தனியாக ஓடுகிற இடம் அதில் இருக்கிறது.

"அந்த இடத்துல பிக் கையில இருந்தா கிட்டார் உங்களுக்கு. பறந்துச்சுன்னா கிலுகிலுப்பை உங்களுக்கு, கிட்டார் உங்க மச்சானுக்கு. அவ்வளவுதான்" என்றார் செக்கர்.

"பறக்காது" என்றார் அரைச்சுத்து.

"எப்படிச் சொல்றீங்க?"

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பேன்."

டயர்காரர் அந்தக் கணத்திலேயே டிரம்ஸை நகர்த்தி ஒரு தூணுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். மச்சான் கிலுகிலுப்பையைத் துணியால் துடைத்தான், யாருக்கோ கொடுப்பதற்குத் தயார் செய்கிறவன் போல.

அரைச்சுத்து கலங்கவில்லை. கலங்குவது அவர் பழக்கமில்லை. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பவர் அவர். கோளாறு பிக்கில் என்று தீர்மானித்துக்கொண்டார். உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். பிக் தோலையும் உரித்துக்கொண்டு பறந்தது. டியூப் ரப்பரை வெட்டி ஒட்டினார்; பறந்தது, சுவரில் பட்டுத் திரும்பியும் வந்தது. கடைசியில் பிக்கைக் குறட்டில் கவ்வி, குறட்டைக் கையில் பிடித்து வாசித்துப் பார்த்தார். பிக் அசையவில்லை. கிட்டாரின் ஒரு கம்பி மட்டும் அறுந்து, ஜன்னல் வழியாகப் போய், எதிர்வீட்டுத் துணிக்கொடியாக இன்றும் பயன்பட்டு வருகிறது.

இந்தச் சோதனைகளுக்கு நடுவே அவர் பிடியின் வலிமைக்கு ஓர் அத்தாட்சியும் கிடைத்தது. பணிமனை வாசலில் விரல் ரேகை வைத்து வருகை பதியும் பெட்டி ஒன்று உண்டு. தரையில் கிடந்த பிக்கை மச்சான் எடுத்துப் பார்த்தால், கட்டைவிரல் ரேகை கோடு கோடாக அதில் அச்சாகியிருக்கிறது. விளையாட்டாகப் பெட்டியின்மேல் வைத்தான். வருகை பதிவாயிற்று, நன்றி என்றது பெட்டி. அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த அரைச்சுத்துக்கு முழுநாள் வேலை பார்த்ததாகப் பதிவாயிற்று. அதில் தவறில்லை, அவரைவிடப் பிக்தான் அந்த வாரம் அதிகம் உழைத்திருந்தது.

காய்ச்சல் விட்டதும் அவர் மறுபடி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துப் பழகினார். மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"பிடிச்சுப் பழகுறேன்."

"இது பிடிக்கிறதா? கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கு. அதுக்கு வாய் இருந்தா போலீசைக் கூப்பிட்டிருக்கும்."

தம்பிக்குக் கிட்டார் போனால் உனக்குச் சந்தோஷம்தானே என்று அவர் கேட்டுவிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தம்பிமேல் இருக்கிற பாசம் வேறு, தன் காது வேறு என்றாள். தம்பி கைக்குக் கிட்டார் போனால், கிலுகிலுப்பை வீட்டுக்கு வரும். இந்தக் கை கிலுகிலுப்பையை எப்படிப் பிடிக்கும் என்று நினைத்தாலே தனக்குத் தூக்கம் வரவில்லை என்றும் சொன்னாள்.

மறுநாள் வேலையிடத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே மெல்லிய கண்ணாடித் தகடுகள். நுண்ணோக்கியில் ரத்தத் துளியைப் பார்க்கும்போது அதன்மேல் மூடுகிற தகடுகள் அவை. ஊதினால் பறக்கும், முறைத்தால் உடையும். தேதி முடிந்து ஒதுக்கியவை என்பதால் எடுத்துவந்திருந்தாள். ஒன்றை எடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னாள்.

அவர் எடுத்தார். மாவாகிவிட்டது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் மாவாகிவிட்டது. அவர் விரலில் ஒரு கீறல் இல்லை, அடிபட்டதெல்லாம் கண்ணாடிதான். இன்னும் ஒன்றை நோக்கி விரல் போனபோது, தொடுவதற்கு முன்பே அது தானாக உடைந்துகொண்டது.

"பாருங்க, உங்களுக்குப் பயந்து தற்கொலை பண்ணிக்குது."

அவள் ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் மடக்கி, அதன் பக்கவாட்டில் தகட்டைப் படுக்க வைத்து, மேலே கட்டைவிரலைச் சாய்த்தாள். அவ்வளவுதான். மற்ற விரல்கள் வேலையில்லாதவர்கள் போலச் சும்மா தொங்கின. கையை ஆட்டினாள், விழவில்லை. அவர் மெல்ல இழுத்தார், தடையில்லாமல் வந்தது.

"விழாத அளவுக்குப் பிடிச்சா போதும். அதுக்கு மேல பிடிக்கிறதெல்லாம் பயம்."

"எனக்கென்ன பயம்?"

"கழண்டுடுமோன்னு" என்றாள் அவள், சமையலறைக்குப் போய்க்கொண்டே.

அரைச்சுத்துக்கு அது சுருக்கென்று தைத்தது. ஊரில் அவரைப் பற்றி ஆயிரம் சொல்லியிருக்கிறார்கள்; பயந்தவர் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. பெட்டியிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் வீம்புக்குத் தீர்த்துவிட்டு, மிச்சமிருந்த மாவை முறத்தில் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டுப் படுத்தார்.

விடை கிடைத்தது மறுநாள் காலை, ஒரு பஸ்ஸுக்கு அடியில். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு போல்ட் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஸ்பேனர் போகாது, கையே பாதிதான் போகும். அதற்கு நட்டை விரல் நுனியில் ஏந்திக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, நட்டின் மரை போல்ட்டின் மரையோடு சேர்வதை விரலாலேயே கேட்டு, மெதுவாகத் திருப்ப வேண்டும். அழுத்திப் பிடித்தால் மரை குறுக்கே ஏறிவிடும். நட்டும் போச்சு, போல்ட்டும் போச்சு. அரைச்சுத்து அதைச் செய்துகொண்டிருந்தார், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்கிற மாதிரியே. நட்டு அழகாக ஏறிற்று. அப்போதுதான் தன் கையைக் கவனித்தார். ஆள்காட்டி விரல் மடங்கி இருக்கிறது. அதன் பக்கவாட்டில் நட்டு படுத்திருக்கிறது. மேலே கட்டைவிரல் சாய்ந்திருக்கிறது. மற்ற விரல்கள் வேலையில்லாமல் தொங்குகின்றன.

எந்த நட்டும் முதலில் விரல் நுனியில்தான் ஏறுகிறது. ஸ்பேனர் பிறகுதான் வருகிறது. கடைசி அரைச் சுற்றுக்குக் கிடைத்த பேரில் முதல் சுற்றை அவரும் மறந்தார், ஊரும் மறந்துவிட்டது. பிக்குக்கு வேண்டியது அந்த முதல் சுற்றின் கை.

"கிடைச்சிடுச்சு" என்று பஸ்ஸுக்கு அடியிலிருந்து சத்தம் போட்டார். மேலே ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் கோளாறு கிடைத்துவிட்டது என்று நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரைச்சுத்து படுத்த வாக்கில் அங்கேயே கிடந்தார், கையில் இல்லாத நட்டைப் பிடித்தபடி. சந்தோஷத்தில் பஸ் போனதை அவர் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து பழக்கம் மாறிற்று. உட்கார்ந்ததும் முதலில் கையை உதறித் தொங்கவிடுவார். அது தானாக எப்படி மடங்குகிறதோ அந்த மடிப்பிலேயே பிக்கை வைப்பார். கூர் முனை ஓர் அரிசியளவு மட்டும் வெளியே தெரியும்; நிறைய நீட்டிக்கொண்டிருந்தால் கம்பியில் மாட்டித் திரும்பிவிடும் என்று கண்டுகொண்டார். நேர்குத்தாக அடிக்காமல் கொஞ்சம் சாய்த்தார். பிக் கம்பியில் முட்டாமல் வழுக்கிக் கடந்தது. முழங்கையை விட்டுவிட்டு மணிக்கட்டால் மீட்டினார். முதலில் மாட்டுவண்டி வேகம், பிறகு சைக்கிள் வேகம். கை எங்கே இறுகுகிறதோ அங்கே நிறுத்தி, உதறிவிட்டு, மறுபடி. வாசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி வந்து திடீரென்று பிக்கைப் பிடித்து இழுப்பாள். சண்டையில்லாமல் வந்தால் அன்றைக்குப் பாஸ்.

மச்சான் ஒரு மாலை வேவு பார்க்க வந்தான். அவனும் இழுத்துப் பார்த்தான். பிக் பூவிலிருந்து இதழ் வருவதுபோல வந்தது. அவன் முகம் மாறிவிட்டது.

"மாமா, உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மச்சான். கிலுகிலுப்பையை நல்லாப் பாத்துக்க. இன்னும் ரொம்ப நாள் உங்கூடதான் இருக்கும்."

விழா நாள் காலையில் பஸ்களையெல்லாம் சுற்றிலும் நிறுத்தி, நடுவில் மேடை போட்டிருந்தார்கள். அத்தனையும் அரைச்சுத்து இறுக்கிய பஸ்கள். புகைப்படக்காரர் மேடைக்கு முன்னால் காலை ஊன்றி நின்றார். டயர்காரர் தூணுக்குப் பின்னாலிருந்து வர மறுத்துவிட்டதால் தூணையே மேடையில் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். முன்வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பறந்தால் பிடிக்கலாம் என்று ஒரு கைக்குட்டையை விரித்து வைத்திருந்தாள்.

வேகப் பாட்டு ஆரம்பித்தது. செக்கர் பாடினார், டயர்காரர் தட்டினார், மச்சான் குலுக்கினான். அந்த இடம் வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். செக்கர் பழக்கத்தில் பிடரியைக் கையால் மூடிக்கொண்டார்.

அரைச்சுத்தின் உள்ளங்கை வேர்க்க ஆரம்பித்தது. முஷ்டி மடங்கப் பார்த்தது. இன்னும் ஓர் அரைச் சுற்று என்று கை கேட்டது. அவர் கண்ணை மூடி, பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டார். உடம்பு மேடையில்தான் இருந்தது. மரையும் மரையும் சேருகிற சத்தத்துக்குக் காது கொடுத்தார். கை தளர்ந்தது.

பிறகு நடந்ததை நேரில் பார்த்தவர்கள் பலர். பிக் ஓடியது. சைக்கிள் வேகம் தாண்டி, பஸ் வேகம் தாண்டி, எந்தப் பணிமனையிலும் அனுமதிக்காத வேகத்தில் ஓடியது. பிடி அவ்வளவு லேசாக இருந்தது. நடுவில் அவருக்குக் காதில் அரித்தது. கையை எடுத்து நிதானமாகச் சொறிந்துவிட்டுத் திரும்ப வந்தார். பிக் கவனிக்கவே இல்லை. அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது.

அப்போது சுற்றி நின்ற பஸ்களிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அவர் இத்தனை காலம் இறுக்கிய நட்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் சரியாக ஓர் அரைச் சுற்று கழன்றுகொடுத்தன. பஸ்கள் இடுப்பு வாரைத் தளர்த்தியவர்கள்போல ஒரு விரற்கடை கீழே இறங்கிச் சுகமாக உட்கார்ந்தன. கதவுகள் தானாகத் திறந்தன. வீட்டில் சர்க்கரை டப்பா மூடி கழன்று விழுந்தது. மாலையில் மனைவி போய்ப் பார்த்தபோது எறும்புகள் வரிசையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

தனி வாசிப்பு முடிந்து எல்லாரும் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். பாட்டு நின்றது. பிக் அவர் விரலில், போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. மனைவி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் பாராட்டினால் அப்படித்தான் பாராட்டுவாள். மச்சான் முதலில் கைதட்டினான். தூணுக்குப் பின்னாலிருந்து சுருதியோடு ஒரு விக்கல் வந்தது.

செக்கர் பிடரியிலிருந்து கையை எடுத்தார். "கிட்டார் உங்களுக்குத்தான். இனிமே அதைப் பத்திப் பேச்சே வேணாம்" என்றார்.

அரைச்சுத்து கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றி, கொஞ்சம் பிடிச்சுப் பாரு மச்சான் என்று நீட்டி, கிலுகிலுப்பையை வாங்கிக்கொண்டார். புகைப்படக்காரர் அந்த நிமிஷம் பார்த்துப் படமெடுத்தார்.

அந்தப் படம் இன்றும் பணிமனைச் சுவரில் தொங்குகிறது; அதில் கிட்டார் மச்சான் கையில் இருக்கிறது, அரைச்சுத்து கையில் கிலுகிலுப்பை.